டில்லியில் வியாழன் முதல் ஞாயிறு வரை

சென்ற மாதம் ஒரு நாள் மாலை என் பேத்தி தொலைபேசியில் கூப்பிட்டு, உச்ச நீதிமன்றத்தில் தொழில் நடத்தும் ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மாதம் இன்டர்ன்ஷிப் செய்வதற்காகத் தான் டில்லிக்குப் புறப்படுவதாகவும், திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தால் போதும் என்றாலும் வியாழக்கிழமையே இறங்கிவிடப் போவதாகவும், நடுவில் கிடைக்கிற நாலு நாளில் ஊரைச் சுற்றிப் பார்க்க ஒரு ஜாபிதா தயார் செய்திருப்பதாகவும் சொன்னாள். ஜாபிதா வாட்ஸ்அப்பில் வந்தது. எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டு இடங்கள்.

"ஏம்மா, இது ஊர் பார்க்கிற பட்டியலா, மளிகைக் கடைச் சீட்டா?" என்று கேட்டேன்.

"நீங்க போனப்போ எத்தனை இடம் பார்த்தீங்க தாத்தா?"

"எட்டு."

"எட்டுதானா? நாலு நாள்லயா?"

அந்தக் குரலில் இருந்த இரக்கம் என்னைக் கொஞ்சம் சுட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் அந்த எட்டையும் இன்றைக்குக் கண்ணை மூடினால் கல் கல்லாக, வெயில் வெயிலாக என்னால் சொல்ல முடிகிறதே, அது எப்படி என்று யோசித்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. டில்லியைப் பார்க்கப் போகிறவன் எந்த இடம் என்று கேட்பதைவிட எந்த வேளை என்று கேட்பதுதான் உசிதம். அதுவும் ஜூன் மாதத்தில் போகிறவனுக்கு வேளை தவறினால் இடமே கிடையாது. இதைத் தொலைபேசியில் சொன்னால் பிரசங்கமாகிவிடும் என்று பயந்து, எழுதி அனுப்புவதாக வாக்களித்தேன். அந்தக் கடிதந்தான் நீண்டு இப்படி ஆகிவிட்டது.

நான் போனது 1974ஆம் வருஷம் ஜூன் மாதம். மதுரையில் சிவில் என்ஜினீயரிங் மூன்றாம் வருஷம் முடித்திருந்தேன். இன்டர்ன்ஷிப் என்ற சொல் அப்போது எங்கள் காதில் விழுந்ததில்லை. 'சம்மர் டிரெயினிங்' என்போம். டில்லியில் மத்திய சர்க்காரைச் சேர்ந்த ஓர் என்ஜினீயரிங் அலுவலகத்தில் ஆறு வாரப் பயிற்சிக்கு இடம் கிடைத்து, ஜூன் 10, திங்கட்கிழமை ஆஜராகும்படி கடிதம் வந்திருந்தது. கடிதம் வந்ததே தவிர, போக ரயில் இல்லை. மே 8ஆம் தேதி ஆரம்பித்த ரயில்வே வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 17 லட்சம் தொழிலாளர்கள் ஈடுபட்டிருக்க, ஜார்ஜ் பெர்னாண்டஸின் பெயர் எங்கள் தெருத் திண்ணைகளில்கூட அடிபட்டுக் கொண்டிருக்க, மாதக் கடைசிக்குள் வண்டி ஓடுமா ஓடாதா என்று என் தகப்பனார் தினமும் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு ஜோஸ்யம் பார்த்துக் கொண்டிருந்தார். 27ஆம் தேதி வேலைநிறுத்தம் வாபஸாயிற்று. இனி எந்த நேரம் எது நிற்குமோ என்று அஞ்சி, நாலு நாள் முன்னதாகவே என்னை அனுப்பிவிட்டார்கள். ஆக, டில்லி பார்க்க வேண்டுமென்ற ஆவலினால் அல்ல, ரயில்வேயின் மேல் இருந்த அவநம்பிக்கையினால் எனக்கு வாய்த்த நாலு நாட்கள் அவை.

சென்னையிலிருந்து கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு முழுப் பகலும் பிரயாணம். விஜயவாடா, பல்லார்ஷா, நாகபுரி, இடார்ஸி என்று பூமி சிறிது சிறிதாகக் காய்ந்துகொண்டே போய், வியாழக்கிழமை காலை புது டில்லி ஸ்டேஷனில் இறங்கியபோது, அடுப்பிலிருந்து தோசைக்கல்லை எடுத்து யாரோ முகத்துக்கு நேரே பிடித்தாற்போல் இருந்தது. மதுரைக்காரனுக்கு வெயில் புதிதல்ல. ஆனால் எங்கள் வெயில் மேலேயிருந்து விழும். டில்லி வெயிலோ பக்கவாட்டில் வரும். ராஜஸ்தானத்து மணலைத் தடவிக்கொண்டு வருகிற அந்த அனல் காற்றுக்கு அவர்கள் இட்ட பெயர் 'லூ'. இவ்வளவு சிறிய பெயருக்குள் இவ்வளவு பெரிய துன்பத்தை வேறு எந்தப் பாஷைக்காரரும் அடக்கியிருக்க மாட்டார்கள்.

என் பெரியப்பா நார்த் பிளாக்கில் குமாஸ்தாவாக இருந்தார். கரோல்பாகில் ஒரு வீட்டின் மொட்டை மாடியில் 'பர்ஸாத்தி' என்று சொல்லப்படுகிற ஒற்றை அறையில் அவரும் பெரியம்மாவும் குடியிருந்தார்கள். மழைக் காலத்தில் மாடியில் படுப்பவர்கள் ஒதுங்குவதற்காகக் கட்டிய கொட்டகைதான் பர்ஸாத்தி. காலக்கிரமத்தில் வாடகைக்குப் போய் வீடாகிவிட்டது. அறை சின்னது, ஆனால் மொட்டை மாடி முழுவதும் எங்களுடையது. இரவில் கயிற்றுக் கட்டில்களை வரிசையாகப் போட்டு, தலைமாட்டில் மண் சுராஹியில் தண்ணீர் வைத்துக்கொண்டு படுத்தால், அக்கம்பக்கத்து மாடிகளிலெல்லாம் குடும்பம் குடும்பமாக அப்படியே படுத்திருப்பார்கள். பக்கத்து மாடி பஞ்சாபி அம்மாள் இருமினால் பெரியம்மா இங்கிருந்து மிளகு ரசத்துக்குப் பக்குவம் சொல்வாள். இருவருக்கும் பொதுவான பாஷை ஏதும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஹிந்தியைப் பொறுத்தவரை என் நிலை பரிதாபகரமானது. 1965 ஜனவரியில் மதுரையில் கிளர்ச்சி வெடித்தபோது நான் பதினொரு வயதுப் பையன். அதற்குப் பிறகு பள்ளியில் ஹிந்தி என்ற பேச்சே இல்லாமல் வளர்ந்தவன். 'கித்னா', 'கஹாங்', 'நஹி' என்ற மூன்று வார்த்தைகளை ரயிலில் கற்றுக்கொண்டு, அவற்றைக் கொண்டே நாலு நாளும் காலட்சேபம் பண்ணினேன். மற்றதற்கு 'மதராஸி' என்ற பட்டமே போதுமான பாஸ்போர்ட்டாக இருந்தது. அன்று சாயங்காலம் கன்னாட் பிளேஸுக்குப் போனபோது, மதராஸ் ஹோட்டலில் இலை போட்டு ஊற்றிய சாம்பாரைக் கண்டு எனக்குக் கண் கலங்கியது. ஊரை விட்டு மூன்றே நாள்தான் ஆகியிருந்தது என்பதை எண்ணிப் பிற்பாடு வெட்கப்பட்டேன். அந்த ஹோட்டல் இப்போது இல்லை. பஸ் நிறுத்தத்தின் பெயரில் மாத்திரம் நெடுநாள் உயிரோடு இருந்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலம் நாலரை மணிக்குப் பெரியப்பா என்னை எழுப்பிவிட்டார். கீழ்வீட்டுக்காரரிடம் எனக்கு ஒரு சைக்கிளை இரவல் வாங்கி வைத்திருந்தார்.

"டில்லியில பார்க்க வேண்டியதெல்லாம் சூரியனுக்கு முன்னாடி பார்த்துடணும்டா. அப்புறம் அவன் நம்மளைப் பார்ப்பான்" என்றார்.

இண்டியா கேட்டை அடைந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. 1921ல் அஸ்திவாரமிட்டு 1931ல் திறந்து வைத்த, 42 மீட்டர் உயரமுள்ள அந்த வளைவின் கீழே, இரண்டு வருஷத்துக்கு முன் வங்காள தேச யுத்தத்துக்குப் பின்னர் ஏற்றிய அமர் ஜவான் ஜோதி எரிந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால் கல் விதானம் ஒன்று காலியாக நின்றது. ஐந்தாம் ஜார்ஜின் சிலையை 1968ல் அங்கிருந்து அகற்றிவிட்டார்கள். யாரை வைப்பது என்று முடிவாகவில்லை. ராஜா இல்லாத அந்த மண்டபத்தைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு எருமைகள் ஓட்டிச் செல்லப்பட்டதை நான் மிகுந்த திருப்தியோடு பார்த்தேன். என் பேத்தி போகும்போது அங்கே நேதாஜி நிற்பார். ஜோதியும் 2022ல் பக்கத்திலுள்ள தேசியப் போர் நினைவுச் சின்னத்து ஜோதியோடு சேர்க்கப்பட்டுவிட்டது. ராஜபாதையின் பெயர் கர்த்தவ்ய பாதையாகிவிட்டது. இந்த நகரத்தில் கல்லைவிடப் பெயர்தான் சீக்கிரம் தேய்கிறது.

அங்கிருந்து மேற்கே நோக்கினால், மூன்று கிலோமீட்டருக்கு நூல் பிடித்தாற்போல் ஒரு சாலை ஓடி, ரைஸினா மேட்டின் உச்சியில் ராஷ்டிரபதி பவனத்தின் கோபுரக் கும்மட்டத்தில் போய் முடிகிறது. முதல் வெளிச்சம் அந்தக் கும்மட்டத்தின் மேல் விழுந்திருந்தது. என்ன கம்பீரம்! பெரியப்பா சைக்கிளை நிறுத்தி, "அதையே பார்த்துக்கிட்டு மிதி. கண்ணை எடுக்காதே" என்றார்.

மிதித்தேன். பாதி தூரம் வரை கும்மட்டமும் அதன் கீழுள்ள தூண் வரிசையும் பெரிதாகிக்கொண்டே வந்தன. பிறகு ஏதோ ஒன்று தவறிப்போயிற்று. கிட்டப் போகப் போகத் தூண்கள் கீழே இறங்கின. மாளிகையின் முகப்பு மறைந்தது. விஜய் சௌக்கை நெருங்கியபோது, எதிரே சாலையின் மேடு ஒரு சுவர்போல் எழும்பி நிற்க, அதற்கு மேல் கும்மட்டத்தின் தலை மாத்திரம், ஒளிந்து விளையாடும் குழந்தையின் தொப்பி மாதிரித் தெரிந்தது. பார்க்க வந்தவன் பக்கத்தில் வந்ததும் பார்க்கப்பட வேண்டிய பொருள் பூமிக்குள் புகுந்துவிட்டது. இருபது வயசு சிவில் என்ஜினீயரிங் மாணவனுக்கு இதைவிடச் சிறந்த பாடம் ஆறு வாரப் பயிற்சியில் கிடைக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

விஷயம் இதுதான். 1911 டிசம்பர் 12ஆம் தேதி தர்பாரில் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக அறிவித்தபின், வைஸ்ராய் மாளிகையைக் கட்டும் பொறுப்பு எட்வின் லட்யன்ஸிடமும், அதற்கு முன்னால் இரு மருங்கிலும் காரியாலயங்களைக் கட்டும் பொறுப்பு ஹெர்பர்ட் பேக்கரிடமும் ஒப்படைக்கப்பட்டன. பேக்கர் தம்முடைய காரியாலயங்களும் மேட்டின் மேலேயே இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அதனால் மாளிகை பின்னுக்குத் தள்ளப்பட்டது. இரண்டு காரியாலயங்களுக்கும் நடுவே ஏறுகிற சாலையின் சரிவு அதை மறைத்தது. சரிவைக் காட்டும் படத்தில் லட்யன்ஸும் சம்மதம் தெரிவித்திருந்தார். கண்ணால் கண்டபோதுதான் அவருக்கு விபரீதம் விளங்கிற்று. சாலையை இன்னும் ஆழமாக வெட்டிச் சரிவைக் குறைக்க வேண்டும் என்று வருஷக் கணக்கில் மன்றாடினார், வைஸ்ராயிடம் முறையிட்டார், ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு நண்பர்களும் பேச்சுவார்த்தை இல்லாமல் போனார்கள். தாம் வாட்டர்லூவில் அல்ல, 'பேக்கர்லூ'வில் தோற்றதாக லட்யன்ஸ் சொன்னாராம். ஒரு காகிதத்தில் கோணத்தைக் கவனிக்காமல் போட்ட கையெழுத்து ஒரு சாம்ராஜ்யத்தின் கிரீடத்தை மண்ணில் புதைத்துவிட்டது.

நாங்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு ஏறினோம். பெரியப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

"அவங்க ரெண்டு பேரும் ஆர்க்கிடெக்ட். போட்டியில யாரோ ஜெயிச்சாங்க, யாரோ தோத்தாங்க. இருபது வருஷமா தினமும் இந்த மேட்டுல சைக்கிளைத் தள்ளுறது யாரு? நாங்கதானே?" என்றார்.

மேட்டின் உச்சியில் நார்த் பிளாக்கின் வாயில் நெற்றியில், சுதந்திரம் ஜனங்களை நோக்கித் தானாக இறங்கி வராது, ஜனங்கள்தாம் அதனிடத்துக்கு ஏறி வரவேண்டும் என்ற பொருள்பட ஓர் உபதேசத்தை ஆங்கிலத்தில் வெட்டி வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் அந்தப் புது நகரத்தைக் கட்ட இருபது வருஷம் பிடித்தது. 1931 பிப்ரவரியில் திறப்பு விழா நடத்திக் குடியேறி, பதினாறே வருஷம் இருந்துவிட்டுப் போய்விட்டார்கள். பெரியப்பா அதற்குமேல் இருந்தார். 1983ல் அந்த வாயில் வழியாகவே ஓய்வு பெற்று வெளியே வந்தார்.

திரும்பி வந்து பழையது சாப்பிட்டுவிட்டு, அன்று மத்தியானமே ஜந்தர் மந்தர் பார்க்கப் போகிறேன் என்று நான் சொன்னதும் பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கோ, வானத்தைப் பார்க்கக் கட்டிய கட்டடத்தை உச்சி வேளையில்தான் பார்க்கவேண்டும் என்ற வைராக்கியம். கடைசியில் அவள் ஒரு வெங்காயத்தை எடுத்து என் சட்டைப் பையில் போட்டு, "இது இருந்தா லூ அடிக்காதாம். இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. எடுத்து எறிஞ்சுட்டு வந்தே, சோறு கிடையாது" என்று அனுப்பி வைத்தாள். வெங்காயத்துக்கும் அனல் காற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று விஞ்ஞான ரீதியாக எனக்கு இன்றுவரை தெரியாது. எறியவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் ஸவாய் ஜெய்சிங் 1724ல் அமைத்த வான ஆராய்ச்சிக் கூடம் அது. இதைப்போல் ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, காசி, மதுரா ஆகிய இடங்களிலும் கட்டினார். மதுராவில் இருந்தது மாத்திரம் அழிந்துவிட்டது. பித்தளைக் கருவிகள் சிறியவையாக இருப்பதால் பிழை வருகிறதென்று, கருவியையே கட்டடமாக எழுப்பிவிட்ட மகாராஜா அவர். நடுநாயகமாக நிற்பது ஸம்ராட் யந்திரம்: ஏறத்தாழ 21 மீட்டர் உயரமுள்ள ஒரு முக்கோணச் சுவர். அதன் சாய்ந்த விளிம்பு பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாக, டில்லியின் அட்சரேகைக்கு உரிய கோணத்தில் வடக்கு நோக்கி ஏறுகிறது. இரு பக்கமும் விரிந்த வளைவுச் சுவர்களில் நிழல் நகர்ந்து மணி காட்டும். காலையில் மேற்கு வளைவில், பிற்பகலில் கிழக்கு வளைவில். சரியாக உச்சி வேளையில் எந்தப் பக்கமும் நிழல் இராது.

என் கையில் தகப்பனார் வாங்கிக் கொடுத்த ஹெச்.எம்.டி. கடிகாரம். காலையில் ரேடியோச் செய்திக்கு முன் வரும் ஒலிக்குறிப்பைக் கேட்டுத் திருத்தி வைத்தது. பன்னிரண்டு அடித்தது. நிழல் மேற்கு வளைவைவிட்டு அசையவில்லை. தோட்டக்காரர் ஒருவர் வேப்ப மர நிழலில் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு உறங்கிக் கொண்டிருந்தார். வேறு ஈ காக்கை இல்லை. பன்னிரண்டு ஐந்து. பன்னிரண்டு பத்து. உஷ்ணத்தில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ராஜா தப்புக் கணக்குப் போட்டுவிட்டார் என்று முதலில் தீர்மானித்தேன். பிறகு கடிகாரத்தைச் சந்தேகித்தேன். ஒரு மாணவனுடைய மூளை எப்போது வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. அந்த வெயிலில், பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிப் பார்த்தபோது சட்டென்று விளங்கியது. இந்திய நேரம் என்று நாம் வைத்துக்கொண்டிருப்பது 82½ டிகிரி தீர்க்க ரேகைக்கு, அதாவது மிர்ஸாபூர்ப் பக்கத்துக்கு உரிய நேரம். டில்லி இருப்பதோ 77¼ டிகிரியில். டிகிரிக்கு 4 நிமிஷம். வித்தியாசம் 21 நிமிஷம். டில்லிக்குச் சூரியன் உச்சிக்கு வர இன்னும் அவகாசம் இருக்கிறது!

பன்னிரண்டு மணி இருபது நிமிஷத்துக்கு மேற்கு நிழல் கத்தியின் விளிம்பு போல் மெலிந்து, சுவரின் அடியில் கரைந்து போயிற்று. சில விநாடிகள் ஒன்றும் இல்லை. பிறகு கிழக்குப் புறத்தில் கருமையான ஓர் இழை தோன்றியது. இருநூற்றைம்பது வருஷத்துச் சுண்ணாம்புச் சுவர் சரியான நேரத்தைச் சொல்ல, அரசாங்கமும் ரேடியோவும் ஹெச்.எம்.டி.யும் சேர்ந்து வேறு ஊர்ச் சூரியனைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தன. மதுரையில்கூட நாங்கள் பதினேழு பதினெட்டு நிமிஷம் முந்தித்தான் சாப்பிட்டுக் கொண்டிருக்கிறோம் என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். இப்போது சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள் எழும்பிவிட்டன. வளைவுகளில் பொறித்த கோடுகளும் தேய்ந்துவிட்டன. பக்கத்துச் சாலைதான் முறையீட்டுக்காரர்களின் இடமாகிப் பிரசித்தி பெற்றுவிட்டது; 2017ல் நம் ஊர் விவசாயிகள் மண்டையோடுகளுடன் வந்து உட்கார்ந்ததும் அங்கேதான். என் காலத்தில் கூட்டமெல்லாம் போட் கிளப் புல்வெளியில் நடக்கும்.

சனிக்கிழமை காலை பெரியம்மாவுடன் மலை மந்திர். ராமகிருஷ்ணபுரத்துக் குன்றின் மேல் சுவாமிநாத சுவாமிக்குக் கோயில் கட்டி, முந்தின வருஷம் ஜூன் மாதந்தான் கும்பாபிஷேகம் நடந்திருந்தது. பத்து மணிக்குள் பாறை கொதித்துவிட்டதால் பிரதட்சிணத்தை ஓட்டமாக முடித்தோம்.

சாயங்காலம் தனியாகக் குதுப் மினார். அதற்குச் சரியான வேளை ஆறு மணிக்குமேல் என்று பெரியப்பா சொல்லியிருந்தார். ஜூன் மாதத்தில் டில்லியில் ஏழேகால் வரை சூரியன் இருக்கிறது. தாழ்ந்த வெளிச்சம் செந்நிறக் கல்லின் மேல் சாய்ந்து விழும்போது 72.5 மீட்டர் கோபுரம் முழுவதும் உள்ளிருந்து எரிவது போல் தோன்றும். குதுபுதீன் ஐபக் தொடங்கி, இல்துத்மிஷ் உயர்த்தி, இடி விழுந்த பிறகு பிரோஸ் ஷா துக்ளக் செப்பனிட்ட கோபுரம் என்பதெல்லாம் பாடப் புத்தகத்தில் உள்ளதுதான். அப்போதெல்லாம் முதல் மாடம் வரை ஏற விட்டார்கள். 1981 டிசம்பரில் உள்ளே விளக்கு அணைந்து ஏற்பட்ட நெரிசலில் 45 பேர், பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகள், உயிரிழந்ததிலிருந்து கதவை மூடிவிட்டார்கள். நான் ஏறிய அந்தக் குறுகிய, இருண்ட, தேய்ந்த படிகளை எண்ணும்போது அந்தச் செய்தியை வாசித்த நாளின் நினைவும் சேர்ந்தே வருகிறது.

இரும்புத் தூணுக்கு அன்று வேலி கிடையாது. முதுகைத் தூணில் சாய்த்துக் கைகளைப் பின்னால் வளைத்துக் கோத்துவிட்டால் நினைத்தது நடக்கும் என்பது நம்பிக்கை. எனக்குக் கை எட்டவில்லை. பக்கத்தில் நின்ற சர்தார்ஜி குடும்பத்தார் நான் கேளாமலே ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்து விரல் நுனிகளைத் தொடவைத்து, கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. என்ன வேண்டிக்கொண்டேன் என்பதைச் சொல்லப் போவதில்லை. ஏழு மீட்டருக்கு மேல் நீளமும் ஆறு டன்னுக்கு மேல் எடையுமுள்ள அந்தத் தூண், குப்தர் காலத்திலிருந்து வெயிலிலும் மழையிலும் நின்றும் துருவேறி அழியாததற்கு, இரும்பில் கலந்துள்ள பாஸ்பரஸ் மேலே மெல்லிய ஒரு கவசப் படலத்தை உண்டாக்குவதே காரணம் என்று பிற்காலத்தில் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து எழுதினார். அதில் பொறித்த சாஸனத்தில், சந்திரன் என்ற அரசனின் புகழைச் சொல்லுமிடத்தில் தென்சமுத்திரமும் பிரஸ்தாபிக்கப்படுகிறது. தென்சமுத்திரத்துக்காரன் கட்டிப்பிடித்ததால் தூணுக்கு ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. ஆனாலும் என்னைப் போன்றவர்களின் வியர்வை பட்டுப் பட்டு அந்த இடம் பளபளத்துப் போனதால்தான் 1997ல் வேலி போட்டார்கள்.

ஆனால் அன்று மாலை என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது தூணுமல்ல, கோபுரமுமல்ல. அலாய் தர்வாஜா என்ற வாசல் மண்டபம். பழைய மசூதியின் முகப்பு வளைவுகளை முதலில் பார்த்தேன். கல்லைப் படுக்கைப் படுக்கையாக வைத்து, மேலே போகப் போகச் சிறிது சிறிதாக உள்ளே நீட்டி, நுனியில் சேர்த்திருந்தார்கள். பார்ப்பதற்கு வளைவு, உண்மையில் நம் கோயில் ஸ்தபதிகளுக்குத் தெரிந்த அதே உத்தர வேலை. கட்டியவர்கள் இவ்விடத்துக் கல் தச்சர்கள். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து அலாவுதீன் கில்ஜி எழுப்பிய இந்த வாசலிலோ, ஆப்பு வடிவாகச் செதுக்கிய கற்கள் ஒன்றையொன்று நெருக்கித் தாங்க, நான் பரீட்சைக்கு உருப்போட்ட மெய்யான ஆர்ச் நின்றது. சிவப்புக் கல்லில் வெள்ளைச் சலவைக்கல் வேலைப்பாடு. அபார அழகு. ஆனந்தத்தோடு பலகையில் எழுதியிருந்ததை வாசித்தேன்: 1311.

1311. அந்த வருஷத்தை மதுரைக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதே அலாவுதீனின் தளபதி மாலிக் காபூர் பாண்டிய நாட்டில் புகுந்து மதுரையைச் சூறையாடிய வருஷம். யானைகளும் குதிரைகளும் பொன்னும் மணியுமாக டில்லிக்கு வந்து சேர்ந்த வருஷமும் அதுவே. எங்கள் ஊர்ப் பொன்னில் எவ்வளவு இந்தச் சலவைக்கல்லாயிற்று என்று கணக்கு எழுதி வைத்தவர் யாருமில்லை. அழகை ரசித்த மனசு கூசியது. கூசிய பிறகும் கண் ரசித்துக்கொண்டுதான் இருந்தது. சற்றுத் தூரத்தில், குதுப் மினாரைப் போல் இருமடங்கு உயரத்துக்குக் கட்ட உத்தேசித்து அலாவுதீன் ஆரம்பித்த அலாய் மினார், முதல் அடுக்கோடு நின்று, மொட்டைக் கல் குவியலாகக் கிடந்தது. 1316ல் அவன் இறந்ததும் கொத்தனார்கள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்கள். இருட்டும்வரை அந்த இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தேன். டி.டி.சி. என்று பெயர் மாறி மூன்று வருஷம் ஆகியும் எல்லோரும் டி.டி.யு. என்றே சொல்லிக் கொண்டிருந்த பஸ்.

அன்று இரவு 'ஆந்தி' வந்தது. நடுநிசி இருக்கும். மேற்கே வானம் செம்மண் நிறமாயிற்று. காற்று ஒரு கணம் செத்துப் போனதுபோல் நின்றது. அடுத்த கணம் ஊர் முழுவதும் மாடிகளில் சுராஹிகள் உடைகிற சத்தமும், "அரே, அரே" என்ற கூச்சலும், கட்டில்களை இழுக்கிற ஓசையும். நாங்கள் மூவரும் மெத்தைகளைச் சுருட்டிக்கொண்டு பர்ஸாத்திக்குள் புகுந்து கதவைச் சாத்தினோம். என் சட்டை பறந்துபோய் விடியற்காலையில் நாலு வீடு தள்ளி ஒரு தண்ணீர்த் தொட்டியின் மேல் அகப்பட்டது. பையில் வெங்காயம் இருந்தது.

புழுதிக்குப் பின் நாலு தூறல் விழுந்து ஞாயிறு குளிர்ந்திருந்ததால், அன்று வேளை பார்க்க அவசியமில்லாமல் பழைய டில்லி முழுவதையும் கால்நடையாகச் சுற்றினேன். தரியாகஞ்ச் நடைபாதையில் ஞாயிறுதோறும் விரிக்கும் பழைய புத்தகக் கடைகளில், ஸர்வேயிங் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தை இரண்டு ரூபாய்க்கு வாங்கினேன். அந்தக் கடைகளை 2019ல் அங்கிருந்து பக்கத்து மைதானம் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். சாந்தினி சௌக்கில் நெய்யில் பொரித்த பராட்டா தின்றேன்.

செங்கோட்டையைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். 1648ல் முடிந்தது, 1739ல் நாதிர் ஷா மயிலாசனத்தை வாரிக்கொண்டு போனான், இவ்வளவு போதும். எனக்கு அங்கே வேறு காரியம் இருந்தது. எங்கள் தெருவில் மலாயாவிலிருந்து திரும்பிய ஒரு பெரியவர், இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர், வளையல் கடை வைத்திருந்தார். நான் டில்லி போவது தெரிந்து, 1945ல் ஷா நவாஸ் கான், ஸஹ்கல், தில்லான் மூவரையும் விசாரித்த இடத்தைப் பார்த்து வந்து சொல்லும்படி கேட்டிருந்தார். "டில்லி சலோன்னு கத்திக்கிட்டே பர்மாக் காட்டுல நடந்தோம் தம்பி. நான் இம்பால் வரைக்கும்கூட வரலை. நீ போய்ப் பாரு" என்றார். கோட்டைக்குள் பெரும் பகுதி அப்போது ராணுவத்தின் வசம் இருந்தது. என் மூன்று ஹிந்தி வார்த்தைகளைக் கொண்டு இரண்டு சிப்பாய்களைக் கேட்டேன். 'நஹி' என்ற ஒன்றே திரும்பி வந்தது. ஊருக்குப் போய் அவரிடம், பார்த்தேன் என்று பொய் சொல்லிவிட்டேன். 2019ல் அந்தப் படைவீரர் குடியிருப்பு ஒன்றில் நேதாஜிக்கும் அவர் படைக்கும் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். இருபத்திரண்டில் அது இல்லை. இருபத்துமூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளும்படி பேத்திக்கு எழுதினேன். திங்கட்கிழமை கோட்டைக்கு விடுமுறை என்பதையும் அடிக்கோடிட்டேன்.

மாலையில் ஜும்மா மசூதியின் தெற்கு மினாரில் ஏறினேன். கீழே 25,000 பேர் தொழக்கூடிய முற்றம், புறாக்கள், அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய மட்டும் மொட்டை மாடிகள். ஒவ்வொரு மாடியிலும் ஒருவர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தரையில் தெளித்துக் கொண்டிருந்தார். பகல் முழுவதும் குடித்த சூட்டைத் தரை கக்கட்டும் என்று தெளித்துவிட்டு, ஒவ்வொருவராகக் கட்டிலை விரித்தார்கள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அலுவலகத்தில் ஆஜரானேன். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னைப் பற்றிய கோப்பு வேறொரு பிரிவுக்குப் போயிருப்பதாகவும், நாளைக்கு வரும்படியும் சொன்னார்கள். புதன்கிழமை வரை அதே பதில். இது தெரிந்திருந்தால் ஹுமாயூன் சமாதியையும் அந்த வாரமே பார்த்திருக்கலாம்.

இதையெல்லாம் எழுதி அனுப்பி, விடியற்காலம் ஐந்து மணிக்கு இண்டியா கேட்டிலிருந்து நடந்து, எந்த இடத்தில் கும்மட்டத்தின் தூண்கள் மறைகின்றன என்று மாத்திரம் எனக்காகப் பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தேன். நேற்று இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில் தூண்களோடு கும்மட்டம். மற்றொன்று விஜய் சௌக்கிலிருந்து. மேட்டுக்கு மேல் எட்டிப் பார்க்கும் ஒரு தலை. கீழே, "தாத்தா, நிஜமாவே தொப்பி மட்டும்தான் தெரியுது!!" என்று எழுதியிருந்தாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வானம் வெளிறிப் போயிருக்கிறது. விளக்குக் கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது. பன்னிரண்டேகால் மணிக்குப் போயிருக்கிறாள்.